அளவான பொய்

ஜூலை 5, சனி

இன்று மாலை ஒன்றரை மணி நேரம் அறம் கேட்டேன். மின்விசிறிக்கு நேர் கீழே இடம் கிடைத்ததால் உயிரோடு திரும்பினேன்.

நூலக மாடியில் சனிக்கிழமைதோறும் சொற்பொழிவு, மொத்தம் எட்டு வாரம். தலைப்பு ‘அறம் என்பது அளவு’. பேசுகிறவர் கல்லூரியில் தத்துவம் நடத்தி ஓய்வு பெற்ற பேராசிரியர் திருவேங்கடம். முழங்கால் டாக்டர் என்னைத் தினமும் ஒரு கிலோமீட்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். நூலகம் சரியாக அவ்வளவு தூரம். போனால் சுக்குக் காப்பியும் தருகிறார்கள். தத்துவத்துக்கும் எனக்கும் உள்ள உறவு இவ்வளவுதான்.

விஷயம் எளிமையானது. ஒரு பக்கம் கோழைத்தனம், ஒரு பக்கம் மூர்க்கம், நடுவில் வீரம். ஒரு பக்கம் கஞ்சத்தனம், ஒரு பக்கம் ஊதாரித்தனம், நடுவில் கொடை. பழைய கிரேக்க நாட்டில் ஒருவர் சொன்னாராம். பேராசிரியர் இரண்டு கைகளையும் தராசுத் தட்டு போல ஏந்திக்கொண்டு பேசினார். ஒவ்வொரு நற்குணத்துக்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். ஐந்தாவது குணத்தில் பாட்டில் காலி. முன்வரிசையில் இருந்த ஓய்வூதியக்காரர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். அறுபது வயதுக்கு மேல் மிதமாக இருப்பது என்ன சாதனை? பல் போனவன் முறுக்கைத் துறந்தது போல.

‘மாடரேஷன், மாடரேஷன்’ என்று பதினொரு முறை சொன்னார். முப்பத்து நான்கு வருடம் கணக்கு டீச்சராக இருந்த எனக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். வினாத்தாள் கடினமாகிவிட்டால் எல்லோருக்கும் ஐந்து மதிப்பெண் சேர்த்துப் போடுவது. தேறாதவனைத் தேறியவனாக்கும் வித்தை. அறத்துக்கும் அதே பெயர்தான் என்பது எனக்கு இதுவரை தெரியாது.

வீட்டுக்காரர் இவரும் கூடவே வந்து முழுக்கத் தூங்கினார். அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். நின்றுகொண்டே தூங்கவும் தெரியும். திரும்பும் வழியில் கடையில் நின்று இரண்டு ஜாங்கிரி சாப்பிட்டார். சர்க்கரை இருக்கிற உடம்பு என்றேன். “ரெண்டு தின்னாத்தான ஒண்ணு போதும்னு தெரியுது” என்றார். பேராசிரியரைவிட இவருக்கு விஷயம் நன்றாகப் புரிந்திருக்கிறது.

மதிப்பெண்: பத்துக்கு நான்கு. அதுவும் குரலுக்கு.

ஜூலை 7, திங்கள்

லோகநாதன் ஆப்பிளோடு வந்தான். என் காலத்தில் உதவி ஆசிரியர், இப்போது எங்கள் பள்ளிக்குத் தலைமையாசிரியர். எனக்கு முன்னால் இன்னும் நாற்காலி நுனியில்தான் உட்காருகிறான். ஆப்பிளைப் பார்த்ததுமே காரியம் இருக்கிறது என்று தெரிந்தது.

போன திங்கள், ஜூன் முப்பதாம் தேதி, மதிய உணவுக்குப் பிறகு முப்பத்தொரு பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். இரண்டு நாளில் எல்லோரும் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிவிட்டார்கள், அதுவரைக்கும் நல்லது. பெற்றோர் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். சாம்பாரில் பல்லி விழுந்திருந்தது என்று பேச்சு. பல்லியை யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் சத்துணவு சமைக்கும் பஞ்சவர்ணத்தை அன்று மாலையே வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். பதினாறு வருடமாகச் சமைக்கிறவள்.

மேலே அறிக்கை அனுப்ப மூன்று பேர் குழு: தாளாளர், லோகநாதன், வெளியாளாக நான். “நீங்க நடுநிலையா இருப்பீங்கன்னு ஊருக்கே தெரியும் டீச்சர்” என்றான். சரி என்றேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஆப்பிள் மாவு மாவாக இருக்கிறது.

ஜூலை 9, புதன்

நாள் முழுக்க மின்சாரம் இல்லை. மாவு பொங்கி வழிந்து மேடையெல்லாம் நாசம்.

ஜூலை 10, வியாழன்

பள்ளியில் விசாரணை. என் பழைய அறைதான். லோகநாதன் மேஜைக்குக் கண்ணாடி போட்டிருக்கிறான். அதன் அடியில் சாமி படங்கள்.

பஞ்சவர்ணம் நின்றுகொண்டே பதில் சொன்னாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பருப்பு எப்போது ஏற்றினாள், எப்போது இறக்கினாள், யார் ருசி பார்த்தார்கள், எல்லாம் வரிசையாகச் சொன்னாள். முன்பு எட்டாம் வகுப்பில் வாய்பாடு ஒப்பிக்கும் பிள்ளைகள் இப்படித்தான் சொல்வார்கள்: தப்பு வந்தால் அடி விழும் என்று தெரிந்த வேகம்.

பிறகு பிள்ளைகளின் பட்டியலைக் கேட்டு வாங்கினேன். பழக்கதோஷம். நோய் கண்ட முப்பத்தொரு பேரில் நான்கு பேர் வீட்டிலிருந்து டப்பா கொண்டுவந்தவர்கள். சாம்பாரைத் தொடவே இல்லை. சாம்பார் சாப்பிட்டும் நன்றாக இருந்த பிள்ளைகளில் ஆறு பேரை அழைத்துக் கேட்டேன். ஆறு பேரும் வீட்டுத் தண்ணீர் கொண்டுவருகிறவர்கள். இரண்டு வட்டம் போட்டுப் பார்த்தால் ஏழாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்: உணவு இல்லை, தண்ணீர்.

தாளில் வட்டம் போட்டுக் காட்டினேன். தாளாளர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். இப்போது பிள்ளைகளுக்குக் கேன் தண்ணீர் ஏற்பாடு செய்துவிட்டோம், பழையதைக் கிளறுவானேன் என்றான் லோகநாதன். பல்லி என்றால் ஒருத்தியோடு போய்விடும். தண்ணீர் என்றால் பள்ளியின் பெயரே போய்விடும் என்றார் தாளாளர். இதைச் சொல்ல அவருக்குக் கூச்சமே இல்லை.

வெளியே வந்து மேல்நிலைத் தொட்டியைப் பார்த்தேன். ‘சுத்தம் செய்த நாள் 16.06. அடுத்து சுத்தம் செய்யும் நாள் 16.12.’ பெயிண்ட் புதிது. எண்கள் வடிவாக இருந்தன. ஏறிப் பார்க்க என் முழங்கால் இடம் கொடுக்காது. வேறு யாரையாவது ஏறச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஜூலை 12, சனி

இரண்டாவது சொற்பொழிவு. போன வாரத்தைவிடத் தேவலை. நடு என்றால் கணக்கில் வரும் நடு இல்லையாம். இருபது கிலோமீட்டர் மெதுவு, நூறு ஆபத்து, ஆகவே பேருந்தை எல்லா இடத்திலும் அறுபதில் ஓட்டு என்று சொல்கிறவன் முட்டாள். வளைவுக்கு ஒரு வேகம், நேர்ச் சாலைக்கு ஒரு வேகம் என்றார். பேருந்து என்றதும் இவர் விழித்துக்கொண்டு கை தட்டினார். தனியாக.

ஒரு முன்னாள் வங்கி மேலாளர் எழுந்து, ஒரு நாளைக்கு எத்தனை காப்பி அறம் என்று கேட்டார். இரண்டாயிரம் வருடத்துக்கும் மேலாக மனிதர்கள் யோசித்ததெல்லாம் இதற்குத்தான். பேராசிரியரும் “மூன்று” என்று பதில் சொன்னார்.

மதிப்பெண்: ஆறு.

ஜூலை 13, ஞாயிறு

காலையிலிருந்து லோகநாதன் மூன்று முறை போன். இரண்டு பக்கமும் பாதிக்காத மாதிரி ஓர் அறிக்கை, என் கையால் எழுதினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்றான்.

எழுதினேன். ‘சமையலில் போதிய கவனம் இல்லாதிருந்திருக்கலாம் எனத் தெரிகிறது. குடிநீர்ப் பராமரிப்பிலும் மேம்பாடு தேவை. பணியாளரை நீக்க வேண்டியதில்லை. எச்சரித்து வேறு மையத்துக்கு மாற்றலாம்.’ வேலை போகவில்லை. பள்ளியின் பெயரும் போகவில்லை. முப்பத்து நான்கு வருடம் இப்படித்தான் எத்தனையோ சண்டையைத் தீர்த்திருக்கிறேன். ஆளுக்குப் பாதித் தப்பு, ஆளுக்கு ஒரு மன்னிப்பு, எல்லோரும் வகுப்புக்குப் போ.

இவரிடம் படிக்கக் கொடுத்தேன். உதடு அசையப் படித்தார்.

“நல்லாத்தான் இருக்கு. நெறஞ்ச பஸ்ஸுல யார் மேலயும் படாம எச்சி துப்புன மாதிரி.”

டிக்கெட் கிழித்த மனிதரிடம் அறிக்கையைக் கொடுத்தது என் தப்பு.

ஜூலை 16, புதன்

பதினோரு மணிக்குப் பஞ்சவர்ணம் வந்தாள். கெஞ்சுவாள் என்று நினைத்தேன். என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்கத்தான் வந்தாளாம். இன்னும் முடியவில்லை என்றேன்.

ஊரில் விசேஷ வீடுகளுக்கு அவளைச் சமைக்கக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். ரேஷன் கடை வரிசையில் ‘பல்லிக்காரி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதையெல்லாம் சாதாரணமாகச் சொன்னாள். வீட்டு விஷயத்துக்கு வந்தபோதுதான் குரல் மாறியது.

“எம் மருமகளே நான் காச்சுன கஞ்சிய மூடியத் தொறந்து பாத்துட்டுக் கீழ ஊத்துறா டீச்சர். எனக்கு வேல வேணும்னு வரல. பல்லி விழுகலன்னு எழுதிட்டு வேலைய விட்டு எடுத்தாலும் எடுத்துக்கங்க.”

மாற்றல் என்றால் வேலை இருக்குமே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் தொட்டி பற்றிச் சொன்னாள். பதினாறாம் தேதி தொட்டிக்கு யாரும் ஏறவில்லை. வாட்ச்மேன் ஏணி போட்டுப் பெயிண்ட் மட்டும் அடித்துவிட்டு இறங்கினாராம். இவள் கீழே அரிசி புடைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“நீங்க இருந்தப்பவும் பெயிண்டுதான டீச்சர் அடிச்சாங்க” என்றாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை. மழைக்காலத்தில் மழை பெய்யும் என்பது போலச் சொன்னாள்.

அடுப்பில் பால் இருந்தது. உள்ளே போய்விட்டேன்.

காப்பி குடித்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லியும், டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

ஜூலை 17, வியாழன்

முழங்கால் வலி. ஒன்றும் எழுதுவதற்கில்லை.

ஜூலை 19, சனி

பேராசிரியர் இன்று புதுச் சால்வை. சில காரியங்களுக்கு நடுவே கிடையாது என்றார். பொறாமை, துரோகம், பொய்ச் சாட்சி. இவற்றில் அளவாகச் செய்வது என்று ஒன்று இல்லை. சரியான ஆள் மேல், சரியான நேரத்தில், சரியான அளவில் அபாண்டம் சொன்னேன் என்று எவனும் பெருமைப்பட முடியாது, செய்தாலே தப்பு. வங்கி மேலாளர் எழுந்து, யாருக்கும் கெடுதல் வராத சின்னப் பொய் என்றால் என்று கேட்டார். சின்ன அபாண்டம், பெரிய அபாண்டம் என்பது அதைச் சொல்கிறவன் வைத்திருக்கும் படிக்கல். சுமக்கிறவனுக்கு ஒரே எடைதான் என்றார்.

தண்ணீர் குடிக்காமல் சொன்னார். காப்பிக்கு நிற்காமல் வந்துவிட்டேன். இந்த வயதில் வந்து என்னிடம் பொய் கூடாது என்று சொல்ல ஒரு பேராசிரியர் வேண்டுமா? இரண்டாம் வகுப்பு நீதிபோதனைப் பாடம். மதிப்பெண் போடத் தோன்றவில்லை.

இவர் தூங்கியபின் உட்கார்ந்து இதை எழுதுகிறேன் என்று நாடகமாக ஆரம்பிக்க எனக்குப் பிடிக்காது. இவர் பக்கத்தில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்க்கிறார். மணி ஏழு. எழுதிவிடுகிறேன்.

ஓய்வு பெறுவதற்கு முன் இரண்டு வருடம் பொறுப்புத் தலைமையாசிரியையாக இருந்தேன். ஒரு டிசம்பரில் மறுநாள் ஆய்வு. தொட்டி கழுவ வர வேண்டிய ஆள் வரவில்லை. வாட்ச்மேனைக் கூப்பிட்டு, தேதியை மட்டும் மாற்றி எழுதச் சொன்னேன். கழுவுவதை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அடுத்த வாரம் அரையாண்டுத் தேர்வு. பதிவேட்டில் கையெழுத்தும் போட்டேன். ஆறு மாதம் கழித்தும் அப்படியே. மொத்தம் நான்கு முறை. நான்கு அதிகமும் இல்லை, குறைவும் இல்லை. பேராசிரியரைக் கேட்டால் அறம் என்பார்.

நான்கு முறையும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனால் அது தப்பாகத் தெரியவில்லை. கணக்கில் விடை தற்செயலாகச் சரியாக வந்துவிட்டால் வழிமுறைக்கு நான் சுழியம் போடுவேன். பிள்ளைகள் அழுவார்கள். “அழு, ஆனா அடுத்த தடவ ஒழுங்காச் செய்” என்பேன்.

அப்போது பதிவேட்டை என் முன்னால் விரித்து வைத்தவன் லோகநாதன்.

ஜூலை 21, திங்கள்

கையெழுத்துப் போட்டுவிட்டேன். என்னுடைய அறிக்கையேதான், ஒரு சொல் மாறவில்லை. தாளாளர் சமோசா வரவழைத்தார்.

முன்னதாகத் தொட்டியைத் திறந்து பார்த்துவிடலாமே என்று ஒருமுறை சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். லோகநாதன் அலமாரியைத் திறந்து பழைய பதிவேடு ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தான். பிரிக்கவில்லை. தூசி தட்டினான், அவ்வளவுதான். நான் பேனாவை வாங்கிக்கொண்டேன்.

அந்தச் சமோசாவையும் சாப்பிட்டேன்.

ஜூலை 24, வியாழன்

உள்ளூர்ப் பத்திரிகையில் நான்கு வரி: சத்துணவுப் பிரச்சினையில் சுமுகத் தீர்வு. என் பெயரையும் போட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் இவரிடம் வாழ்த்துச் சொன்னாராம். இவர் தாளை மடித்துப் பூந்தொட்டிக்கு அடியில் வைத்துவிட்டார்.

ஜூலை 26, சனி

நான்காவது சொற்பொழிவு. இனி நான் போகப்போவதில்லை.

பேராசிரியர் பத்திரிகையைக் கத்தரித்து எடுத்து வந்திருந்தார். நடுவழி என்பது ஏட்டில் இல்லை, நம் ஊரிலேயே இருக்கிறது. அந்த அம்மையார் இதோ அமர்ந்திருக்கிறார்கள் என்றார். ஒரு ஏழைப் பெண்ணின் வயிற்றிலும் அடிக்காமல், ஒரு பள்ளியின் மானத்தையும் கெடுக்காமல் காத்தவர்கள் என்றார். கை தட்டினார்கள். வங்கி மேலாளர் எழுந்து நின்றே தட்டினார். இவர் மட்டும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

நானும் எழுந்தேன். நன்றி சொல்லத்தான் எழுந்தேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். எழும்வரை நானும் அப்படித்தான் நினைத்தேன்.

“ஐயா, போன வாரம் நீங்க நடத்துன பாடத்துல ஒரு சந்தேகம். அந்த அறிக்கை பொய். சாம்பார்ல ஒண்ணும் விழல. தண்ணித் தொட்டி கழுவல. கழுவாம தேதி எழுதுற வழக்கத்த அந்தப் பள்ளிக்கூடத்துல ஆரம்பிச்சு வச்சது நான். இதுல எனக்கு நடு எதுன்னு சொல்லுங்க.”

பின்வரிசையில் யாரோ, காப்பி ஆறுகிறது என்றார்கள். பேராசிரியர் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார்.

“உணர்ச்சிவசப்படாதீங்கம்மா. உண்மை சொல்றதுலயும் ஒரு அளவு இருக்கு” என்றார்.

பாவம், போன வாரம் அவர் நடத்திய பாடம் நல்ல பாடம். அவர்தான் வகுப்புக்கு வரவில்லை. அவரை நான் இகழ்ந்து என்ன பயன்? நான் வகுப்பில் இருந்தேன், வீட்டுப்பாடம் செய்யவில்லை.

வெளியே வந்ததும் இவர், “ரைட், போலாம்” என்றார்.

ஜூலை 28, திங்கள்

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு கல்வி அலுவலகத்துக்குப் போனேன். பட்டியல், இரண்டு வட்டம், என் நான்கு கையெழுத்துகள், அவற்றின் தேதிகள், எல்லாம் அதில் இருந்தன. ‘இருந்திருக்கலாம்’ என்ற சொல் ஓர் இடத்திலும் இல்லை. இரண்டு முறை சரிபார்த்தேன்.

பிரிவு எழுத்தர் நல்ல பெண். படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். இதை வாங்கிக்கொண்டால் என் மேலும் விசாரணை வரும், பென்ஷன் வரைக்கும் போகலாம். வேண்டுமானால் என் பகுதியை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதித் தரலாம் என்றாள். அக்கறையாகத்தான் சொன்னாள். என் பகுதியை எடுத்துவிட்டால் இதுவும் பழைய அறிக்கை போல ஆகிவிடும் என்று விளக்கினேன். அவளுக்குப் புரிந்ததா தெரியவில்லை. முத்திரை குத்திக் கொடுத்தாள்.

மாலையில் லோகநாதன் போன் செய்தான். கத்துவான் என்று காதிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தேன். கத்தவில்லை.

“நீங்க சொல்லிக் குடுத்ததத்தான டீச்சர் செஞ்சேன்.”

ஆமாம் என்றேன். அவன் வைக்கும்வரை நான் வைக்கவில்லை.

ஜூலை 31, வியாழன்

அலுவலகத்திலிருந்து ஆள் வந்து தொட்டியைத் திறந்தார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு சாண் சேறு. மூடி ஒரு பக்கம் உடைந்திருந்தது. உள்ளே மூன்று புறாக்கள், அல்லது புறாக்களாக இருந்தவை. தாளாளர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, இயற்கையின் செயல் என்றார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பஞ்சவர்ணத்தின் வீட்டுக்குப் போனேன். நானாகச் சொல்ல வேண்டும் என்று போனேன். அவளுக்கு மீண்டும் வேலை என்ற உத்தரவு இன்னும் வரவில்லை. எனக்கு வர வேண்டிய நோட்டீஸும் வரவில்லை. அரசாங்கம் இருவரையும் சமமாக நடத்துகிறது.

மதியம் ஒரு மணி. அவள் வாசலை ஒட்டிய அடுப்பில் சமைத்துக்கொண்டிருந்தாள். மருமகள் நிலைப்படியில் உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டில் இரண்டு பெண்கள். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். முதலில் போட்ட கையெழுத்தையும் சேர்த்துத்தான். எதிர்வீட்டுக்கும் கேட்க வேண்டும் என்று வகுப்பில் பேசும் குரலில் சொன்னேன். பஞ்சவர்ணம் குழம்பைக் கிண்டிக்கொண்டே கேட்டாள். அவள் கை நிற்கவில்லை.

“இத அன்னைக்கே எழுதியிருக்கலாம்ல டீச்சர்” என்றாள்.

எழுதியிருக்கலாம் என்றேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. அழுகை, கையைப் பிடித்துக்கொள்வது ஒன்றும் இல்லை. சட்டியை இறக்கி வைத்தாள். பிறகு, பார்க்காமலே, சாப்பிடுகிறீர்களா என்று கேட்டாள்.

வீட்டில் பத்தரைக்கே சாப்பிட்டிருந்தேன். ஆனாலும் நம் ஊரில் வளர்ந்த எவளும் சொல்வதைத்தான் சொன்னேன்.

“கொஞ்சமாப் போடு.”

கரண்டி சட்டிக்கு மேலே நின்றது. மருமகள் துவட்டுவதை நிறுத்தினாள்.

“கொஞ்சம்னா வேணாம் டீச்சர்” என்றாள் பஞ்சவர்ணம்.

தட்டை நீட்டினேன். நிறையப் போடு என்றேன். சோற்றைக் குவித்து, குழி பறித்து, சாம்பார் விளிம்பு தாண்டும்வரை ஊற்றினாள். முருங்கைக்காய் சாம்பார். காரம் தூக்கல். மருமகள் என் கை வாய்க்குப் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். எதிர்வீட்டுப் பெண்களும் பார்த்தார்கள். நான் அவசரப்படவில்லை. முருங்கைக்காயை ஒவ்வொன்றாகச் சப்பி வரிசையாக வைத்தேன். தட்டு காலியானதும் மறுபடி நீட்டினேன். மூன்றாவது முறை நானே அகப்பையை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

கை கழுவிவிட்டு வந்தபோது மருமகள் தட்டெடுத்து வந்து அடுப்புக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். பஞ்சவர்ணம் அவளுக்குப் பரிமாறவில்லை. கரண்டியை அவள் பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு, எரியும் விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தாள்.